குரல் நழுவாமல் இருக்கக் காதைப் பழக்கும் முறை

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். தறிக்கூடத்தில் பகல் முழுவதும் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிவிட்டு வீடு திரும்பும் ஒருவர், திண்ணையில் அமர்ந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்கிய பிறகும் சற்று நேரம் அதே உயரத்திலேயே பேசிக்கொண்டிருப்பார். "மெதுவாப் பேசுங்க, இங்க தறி ஓடலைங்க" என்று வீட்டார் சொன்ன பிறகுதான் அவருடைய குரல் படிப்படியாக இறங்கும். அவர் வேண்டுமென்றே அப்படிப் பேசவில்லை. தன் குரல் தன் காதுக்கு எட்டாத இடத்தில் தொண்டை தானாகவே குரலை ஏற்றிக்கொள்கிறது. ஏற்றியதை அவர் அறிவதுமில்லை.

பள்ளியில் தமிழ் கற்பித்தும் பேச்சுப் போட்டிகளுக்கு மாணவர்களைப் பழக்கியும் கழித்த ஆண்டுகளில், குரல் சரியில்லை என்று என்னிடம் வந்தவர்கள் அனைவரும் தொண்டையைத்தான் தொட்டுக் காட்டினார்கள். பனங்கற்கண்டும் அதிமதுரமும் மிளகுப் பாலும் வறண்ட தொண்டைக்கு இதம் தரும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் குரல் கீச்சென்று மேலேறுவது, மேடையில் சுருதி தடுமாறுவது, வாக்கியத்தின் கடைசிச் சொல் அடித்தொண்டையில் அமுங்கிப்போவது ஆகிய மூன்றையும் தொண்டையிலிருந்து சரிசெய்ய முயன்றவர்கள் பலர் களைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். பேசுபவர் தன் குரலைக் கேட்கும் விதத்தைச் சீர்படுத்தினால் தொண்டை அதைப் பின்தொடர்கிறது. அதைச் செய்யும் முறையை, ஆசிரியர்களையும் மேடைப் பேச்சாளர்களையும் திருவிழாவில் அறிவிப்புச் செய்பவர்களையும் இணைய வகுப்பு நடத்துபவர்களையும் மனத்தில் வைத்து இங்கு எழுதுகிறேன்.

காது தொண்டையை நடத்தும் விதம்

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒரு நொடியில் எத்தனை முறை சேர்ந்து பிரிகின்றனவோ, அந்த எண்ணிக்கையே குரலின் சுருதியாக நமக்குக் கேட்கிறது. இயல்பான பேச்சில் அது ஆண்களுக்குப் பொதுவாக 100 முதல் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை முறை என்பதே ஹெர்ட்ஸ்) வரையிலும், பெண்களுக்கு 190 முதல் 220 ஹெர்ட்ஸ் வரையிலும், சிறு குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸுக்கு மேலும் இருக்கும். நாண்களை நீட்டி இறுக்கும் தசை சுருங்கினால் சுருதி ஏறும். நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்றின் அழுத்தம் கூடினாலும் ஏறும். இந்த இரண்டாவது காரணத்தால்தான் உரக்கப் பேச முயலும் ஒவ்வொருவருக்கும், அவர் விரும்பாமலேயே, குரல் மேல்நோக்கியும் நகர்கிறது.

தொண்டைக்கு இந்த அளவுகளைக் காட்டும் முள் எதுவும் கிடையாது. காதே அதற்கு முள். தான் எழுப்ப நினைத்த ஒலியையும் காதில் வந்து விழுந்த ஒலியையும் மூளை ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 1990களில் நடந்த ஆய்வகச் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஒருவரை "ஆ" என்று ஒரே சுருதியில் நீட்டச் சொல்லி, அவர் குரலை மைக் வழியாகக் கருவிக்குள் எடுத்து, ஒரு சுரத்தானம் அளவுக்கு, அதாவது 100 சென்ட், உயர்த்தி, உடனே அவர் காதிலேயே ஹெட்போன் மூலம் ஒலிக்கச் செய்தார்கள். (ச முதல் மேல் ச வரையிலான ஒரு ஸ்தாயி 1200 சென்ட்; அதன் 12 சுரத்தானங்களுக்கு இடையே நூறு நூறாக இந்த அளவு பிரிகிறது என்று கொண்டால் போதும்.) தன் குரல் மேலேறிவிட்டதாக மூளை எண்ணிக்கொள்ள, ஏறக்குறைய 0.1 முதல் 0.15 நொடிக்குள் தொண்டை சுருதியைக் கீழே இறக்குகிறது. காதில் தாழ்த்திக் கேட்கச் செய்தால் தொண்டை ஏற்றுகிறது. சிலர் சில வேளைகளில் மாற்றத்துக்கு எதிராகப் போகாமல் அதன் கூடவே போவதும் உண்டு; பெரும்பான்மை எதிர்த்திசைதான். அந்தத் திருத்தமும் முழு அளவுக்கு வருவதில்லை, 100 சென்ட் விலகலில் ஒரு பகுதியை மட்டுமே தொண்டை ஈடுசெய்கிறது.

இதிலிருந்து பயிற்சி செய்பவர் இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருத்தம் தானாக நடக்கிறது. "நான் ஏற்ற மாட்டேன்" என்று தீர்மானித்துக்கொண்டு அதை நிறுத்திவிட முடியாது, காதில் விழுவதை மாற்றினால்தான் மாறும் என்பது ஒன்று. திருத்தம் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகிறது என்பது மற்றொன்று. வாயைத் திறந்து எழுப்பும் முதல் எழுத்துக்குக் காதின் துணை கிடைப்பதில்லை. அந்த எழுத்தின் சுருதியைத் தொண்டை நினைவிலிருந்தே எடுக்கிறது, அந்த நினைவோ இதுவரை கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது. மாற்றிய சுருதியை நெடுநேரம் காதில் கேட்டபடி ஒலியெழுப்பியவர்களுக்கு, கருவியை நிறுத்திய பிறகும் சற்று நேரம் குரல் விலகியே தொடங்குகிறது என்பதையும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தறிக்கூடத்திலிருந்து வந்தவரின் திண்ணைப் பேச்சை நான் இதே வழியில்தான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் சுருதியைக் கண்டறிதல்

காலையில் எழுந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பின், மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு அமைதியான அறையில் அமருங்கள். எழுந்தவுடன் வரும் குரல் வழக்கத்தைவிடக் கனத்துத் தாழ்ந்திருக்கும் என்பதால் அதை அளவாகக் கொள்ள வேண்டாம். யாரோ ஒருவர் சொல்வதை ஒப்புக்கொள்வதுபோல வாயை மூடியபடி "ம்ம்" என்று இருமுறை சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் வரும் அந்த "ம்ம்" உங்கள் இயல்பான சுருதிக்கு மிக அருகில் இருக்கும். அதைச் சற்று நீட்டி, சுருதியைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாளிதழிலிருந்து ஒரு பத்தியைச் சாதாரணமாக வாசித்து, எண்கள் எந்த இடைவெளிக்குள் ஏறி இறங்குகின்றன என்பதையும் குறியுங்கள். அதே பத்தியை, கைப்பேசியை அறையின் ஒரு மூலையில் வைத்து இன்னொரு முறை வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்; இறுதியில் ஒப்பிட அது வேண்டும்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்குச் சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ போதும். பாடுபவர் ஆதாரமாகக் கொள்ளும் 'ச' சட்ஜம்; அதன் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். 1 கட்டை சட்ஜம் ஆணின் குரலில் சுமார் 131 ஹெர்ட்ஸ்; பெண்கள் பாடும் 5 கட்டை 196 ஹெர்ட்ஸ், 5½ கட்டை சுமார் 208, 6 கட்டை 220. ஆகவே ஓர் ஆணின் பேச்சுக் குரல் 1 கட்டைக்குச் சற்றுக் கீழேயும், பெண்ணின் பேச்சுக் குரல் 5, 5½ கட்டையை ஒட்டியும் அமைவது இயல்பு. இதற்கு மேலோ கீழோ இருந்தால் குறை என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. பிறருடைய குரலைப் பார்த்து ஆழமான குரல் வேண்டும் என்று அடித்தொண்டையில் இறங்கிப் பேசுபவர்கள் அரை மணி நேரத்தில் கரகரத்துப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஆசையைத் தொடக்கத்திலேயே கைவிடுங்கள்.

அடுத்து, வசதியான இடத்திலிருந்து ஒவ்வொரு சுரமாக இறங்கி, குரல் உடைந்து கரகரக்கும் இடத்தைக் கண்டறியுங்கள். அதுவே உங்கள் தரை. தரையிலிருந்து நான்கைந்து சுரத்தானம் மேலே உள்ள சுருதியே நெடுநேரம் பேசுவதற்கு ஏற்றது. இதைப் 'பேச்சுச் சட்ஜம்' என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி முழுவதும் அதைச் சுற்றியே நடக்கும்.

பதிவில் கேட்கும் குரலும் தலைக்குள் கேட்கும் குரலும்

தன் குரலை முதன்முதலாகக் கைப்பேசியில் கேட்பவர் முகம் சுளிப்பது வழக்கம். "இது என் குரலே இல்லை சார்" என்று எத்தனையோ மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேசும்போது நம் குரல் நமக்கு இரண்டு வழிகளில் வருகிறது. வாயிலிருந்து புறப்பட்டுக் காற்றின் வழியே காதுக்குள் நுழைவது ஒன்று. மண்டையோட்டு எலும்புகளின் அதிர்வாக நேரே உட்காதைச் சென்றடைவது மற்றொன்று. எலும்பு வழியே வருவதில் கனமான தாழ்ந்த ஒலிகள் ஓங்கியிருக்கும். காதின் இயக்கத்தை ஆராய்ந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற கேயோர்க் ஃபான் பேகேஷி இந்த இரு வழிகளையும் அளந்து, நாம் நம் குரலைக் கேட்பதில் இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமான பங்கு உண்டு என்று காட்டினார். பதிவில் எலும்பு வழி இல்லாததால் குரல் மெலிந்தும் உயர்ந்தும் கேட்கிறது. சுருதி எண் மாறவில்லை, அதன் நிறம்தான் மாறியிருக்கிறது.

இதை அறியாதவர்கள் பதிவைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்த முயல்கிறார்கள். வேண்டாத வேலை அது. அதற்குப் பதிலாக, பதிவில் உள்ள குரலை உங்கள் காதுக்குப் பழக்குங்கள். நாள்தோறும் ஒரே பத்தியை வாசித்துப் பதிவு செய்து, பத்து நாட்கள் கேட்டுவந்தால் கூச்சம் போய்விடும், பிறகுதான் குறைகள் சரியாகக் காதில் விழத் தொடங்கும். பேசும்போதே வெளிக்குரலைக் கேட்க வேண்டுமானால், இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுமடல்களுக்குப் பின்னால் வைத்து மடல்களை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு வாசியுங்கள். சுவரை நோக்கி ஒரு முழத் தூரத்தில் நின்று பேசினாலும் வாயிலிருந்து போன ஒலி திரும்பிவந்து காதில் விழும்; எங்கள் வகுப்பில் கரும்பலகைச் சுவர்தான் இதற்குப் பயன்பட்டது.

கம்பியில்லா இயர்போனை மாட்டிக்கொண்டு தன் குரலைக் கேட்டபடியே பழகுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவும் ஒலியைக் காதுக்குக் கொண்டுசேர்ப்பதற்கு நொடியில் ஒரு பங்கு தாமதிக்கின்றன; தாமதித்து வரும் சொந்தக் குரல் பேச்சை எப்படிக் குலைக்கும் என்பதை மேடையைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். கேட்டுக்கொண்டே பேச வேண்டுமானால் கம்பியுள்ள ஹெட்போனையே பயன்படுத்துங்கள்.

அன்றாடப் பயிற்சி

முதல் எழுத்துக்குக் காது துணை வராது என்று மேலே கண்டோம். ஆகையால் பயிற்சியின் மையம் ஒலி எழுப்புவதற்கு முந்தைய நொடியில் இருக்கிறது. சுருதிப் பெட்டியில் உங்கள் பேச்சுச் சட்ஜத்தை வைத்து ஐந்து நொடி கேளுங்கள். பெட்டியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம் வாயைத் திறக்காமல் அந்தச் சுருதியை மனத்துக்குள் ஒலிக்க விடுங்கள். அதன் பின்னர் "ஆ" என்று மெல்லத் தொடங்கி நான்கு நொடி நீட்டி, நீட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை மீண்டும் ஒலிக்க விடுங்கள். சேர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் கரையும். விலகியிருந்தால் ஒலி அலை அலையாக ஏறி இறங்குவது காதுக்குத் தெரியும். அந்த அதிர்வு அடங்கும்வரை குரலை மிக மெதுவாக நகர்த்திச் சேருங்கள்.

பெட்டியை நிறுத்துவதில்தான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது. சுருதி ஒலித்துக்கொண்டே இருந்தால் தவறாகத் தொடங்கினாலும் காது இழுத்துச் சேர்த்துவிடும், நினைவு வளராது. நிறுத்திவிட்டுத் தொடங்கும்போது முதல் நொடி உங்கள் நினைவைச் சோதிக்கிறது, பெட்டி திரும்ப ஒலிக்கும்போது காது அந்த நினைவைத் திருத்துகிறது. கச்சேரிக்கு அமர்பவர்கள் வாயைத் திறக்குமுன் தம்புராவைச் சற்று நேரம் கேட்டபடி இருப்பதன் பயனும் இதில் அடங்கியிருக்கிறது. நாளுக்குப் பத்து முறை போதும். ஐம்பது முறை செய்வதால் தொண்டை களைக்குமே தவிர காது கூர்மையாகாது.

இரண்டாம் வாரத்திலிருந்து "ஆ"வுக்குப் பதிலாக ஒரு சொல்லை வையுங்கள்: "வணக்கம்", "மாணவர்களே", "அன்புடையீர்". மேடையில் முதலில் சொல்லப்போகும் சொல்லையே வைப்பது நல்லது, ஏனெனில் மேடைப் பதற்றத்தில் மிகுதியாகக் கெடுவது அந்த முதற்சொல்தான். மூச்சு மேலேறி நெஞ்சு இறுகுவதால் அது இரண்டு மூன்று சுரத்தானம் உயர்ந்து எழும், பேச்சு முழுவதும் அந்த உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எழுந்து மைக்கை நோக்கி நடக்கும்போதே "ம்ம்" என்று உதடு மூடி உங்கள் சட்ஜத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். அவைக்கு அது கேட்காது, உங்கள் எலும்புகளுக்குக் கேட்கும்.

வாக்கியத்தின் கடைசி

தமிழில் பேசுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. காலம், எண், பால், இடம், உடன்பாடு, எதிர்மறை ஆகிய அனைத்தும் அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துகளில் அமைகின்றன. அதே இடத்தில்தான் மூச்சு குறைந்து, காற்றழுத்தம் தாழ்ந்து, செய்தி வாக்கியத்தின் சுருதி இறங்குகிறது. எழுத்து ஒலிக்கும் முறையை எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நம் இலக்கணம் பிரித்துக் காட்டுகிறதே, அதில் படுத்தல் இயல்பாக வந்து விழும் இடம் இது. சுருதி தரைக்குக் கீழே போய்விட்டால் நாண்கள் ஒழுங்காக அதிராமல் கரகரக்கும். "அவர் அன்று கூட்டத்துக்கு வரவில்லை" என்பதில் "வர" மட்டும் கேட்டு "வில்லை" விழுங்கப்பட்டால், கடைசி வரிசையில் இருப்பவர் வந்தாரா வரவில்லையா என்று தெரியாமல் அமர்ந்திருப்பார்.

பேசுபவருக்கு இது தெரியாமற்போவதற்குக் காரணம் இருக்கிறது. தாழ்ந்த ஒலி எலும்பு வழியே நன்றாகவே கேட்பதால், விழுங்கிய எழுத்தும் அவர் தலைக்குள் முழுமையாக ஒலிக்கிறது. என்ன சொல்லப்போகிறார் என்பது முன்பே தெரிந்திருப்பதால் மனம் மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. இங்கே பதிவைத்தான் நம்ப வேண்டும். ஒரு பத்தியைப் பதிவு செய்து, வாக்கியங்களின் கடைசி இரண்டு சொற்களை மட்டும் தனியே கேளுங்கள். இயன்றால் கைப்பேசியை அறையின் மறுமூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள், கடைசி வரிசைக்காரரின் காது அப்போது உங்களுக்குக் கிடைக்கும்.

திருத்துவதற்கு வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். "வரவில்லை" என்பதை மட்டும் பேச்சுச் சட்ஜத்துக்கு ஓரிரு சுரம் கீழே, தரையைத் தொடாமல், சொல்லுங்கள். அடுத்து "கூட்டத்துக்கு வரவில்லை", அதன்பின் "அன்று கூட்டத்துக்கு வரவில்லை" என்று முன்னோக்கி நீட்டிக்கொண்டே வந்தாலும் கடைசிச் சொல் முதலில் சொன்ன இடத்திலேயே வந்து இறங்க வேண்டும். இறங்கும் இடம் காதில் பதிந்துவிட்டால், நீண்ட வாக்கியத்திலும் அந்த இடத்தை அடையத் தேவையான மூச்சைத் தொண்டை தானே மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். என் மாணவர்களிடம் மிக விரைவாகப் பலன் தந்த பயிற்சி இதுதான். ஒரு வாரத்தில் வேறுபாடு தெரிந்தது.

இரைச்சலில் பேசுதல்

சூழ்ந்த இரைச்சல் கூடினால் பேசுபவர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எதியேன் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் எடுத்துரைத்தார்; அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. அப்போது ஒலியளவோடு சுருதியும் ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே லாரி நின்றால், ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஒலிபெருக்கிகள் முழங்கினால், புதிய பேருந்து நிலையத்தில் பேருந்துகள் உறுமினால், தொண்டை ஏறத்தான் செய்யும்.

இதை நேரில் உணர விரும்புபவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு ஏற்காட்டுக் கிளியூர் அருவிக்குச் செல்லலாம். அருவிக்குச் சற்றுத் தள்ளிப் பாதுகாப்பான இடத்தில் நின்று, கைப்பேசி மைக்கை உதட்டுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு, வீட்டில் வாசித்த அதே பத்தியை வாசியுங்கள். மைக் அவ்வளவு அருகில் இருப்பதால் அருவியின் இரைச்சலுக்கு மேலேயும் குரல் பதிவாகும். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், எத்தனை சுரத்தானம் ஏறியிருக்கிறீர்கள் என்பது புலப்படும். மலைக்குப் போக இயலாதவர்கள் பித்தளைக் குடத்தில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அருகில் நின்று வாசித்தாலும் ஓரளவு தெரியும், தண்ணீரை வீணாக்காமல் நிரப்பும் நேரத்தில் செய்யுங்கள்.

இந்த ஏற்றத்தை முழுமையாக ஒழிக்க முடியாது, பழக்கத்தால் குறைக்கலாம். அதற்கு எளிய வழி ஒரு காதை விரலால் மூடுவது. காதுத் துளை அடைபட்டால் எலும்பு வழியே வரும் சொந்தக் குரலின் தாழ்ந்த பகுதி பல மடங்கு பெருகிக் கேட்கும், வெளி இரைச்சலும் குறையும். சேலம் வட்டாரத்தில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் நெருக்கி ஒலிக்கும் இடத்தில், உச்சத்தில் பாட்டெடுக்கும் கலைஞர் கையைக் காதோரம் கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் வேலை இப்போது விளங்கும். வகுப்பில் ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்த முடியாதுதான். ஆனால் வீட்டில் குழாய்ச் சத்தத்தோடு, ஒரு காதை மூடி ஐந்து வாக்கியம், திறந்து ஐந்து வாக்கியம் என்று மாற்றி மாற்றி வாசித்துவந்தால், மூடியபோது இருந்த சுருதியைத் திறந்த பிறகும் தொண்டையின் தசையுணர்வால் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வரும். காது மறைக்கப்பட்ட நிலையிலும் பயிற்சியுள்ள பாடகர்கள் மற்றவர்களைவிடச் சுருதி விலகாமல் இருப்பது அந்தத் தசையுணர்வால்தான்.

மேடையும் குழாய் ஒலிபெருக்கியும்

தெருமுனைக் கூட்டங்களில் பேச்சாளர் தடுமாறுவதற்குப் பயத்தைக் காரணம் காட்டுவார்கள். பல வேளைகளில் காரணம் தொலைவில் கட்டிய ஒலிபெருக்கி. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி மின்கம்பத்தில் கட்டிய குழாயிலிருந்து உங்கள் குரல் உங்களை வந்தடைய 0.2 நொடி ஆகும். சொந்தக் குரலைத் தாமதித்துக் கேட்கச் செய்தால் பேச்சு குலையும் என்பதை 1950இல் பெர்னார்ட் லீ விளக்கினார். வளர்ந்தவர்களை மிகுதியாகக் குலைப்பது இந்த 0.2 நொடியை ஒட்டிய தாமதமே. எழுத்துகள் நீளும், சில அசைகள் இரட்டிக்கும், குரல் உயரும், வேகம் தளரும்.

ஆகவே கூட்டம் தொடங்குமுன் மைக் செட் போடும் தம்பியிடம் போய், மேடையில் பேசுபவரை நோக்கி ஒரு சிறிய ஸ்பீக்கரை மானிட்டராக வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அருகிலிருந்து உடனடியாக வரும் குரல் ஓங்கியிருந்தால் தொலைவிலிருந்து தாமதித்து வருவது காதில் அமுங்கிவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் வாக்கியங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றின் இறுதியிலும் எதிரொலி அடங்கும்வரை நில்லுங்கள். எதிரொலியோடு போட்டியிட்டு வேகத்தைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கும்.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு இணைய வகுப்பு நடத்துபவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. இரு காதுகளும் அடைபட்டு, தன் குரல் தலைக்குள் முழங்குவதாலோ வெளியே கேட்காததாலோ, சிலர் முணுமுணுக்கிறார்கள், சிலர் கத்துகிறார்கள். பழைய தரைவழித் தொலைபேசியில் பேசுபவரின் குரலைச் சிறிதளவு அவர் காதுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. ஒரு காதைத் திறந்து வைத்தால் அந்த வேலை நடந்துவிடும்.

மலையிறங்கி வந்த காது

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூட, நடுக்காதுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் குறைந்தே இருப்பதால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் காது அடைத்துக்கொள்ளும். ஏறும்போதைவிட இறங்கும்போதே இது மிகுதி. அந்த நிலையில் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஓங்கிக் கேட்பதால் பேசுபவர் குரலைத் தணித்துக்கொள்கிறார், எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. காலைப் பேருந்தில் மலையிலிருந்து வந்து நேரே வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்கள், கடைசி வளைவுகளில் புளிப்பு மிட்டாயைச் சுவைத்து அடிக்கடி எச்சில் விழுங்கினால் அல்லது வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் காது திறக்கும். சளி பிடித்திருக்கும் நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதிக் காதைத் திறக்க முயல வேண்டாம்.

காது கேட்பது குறைந்தவர்களும் குரல் மாறும் சிறுவர்களும்

பல ஆண்டுகள் தறிக்கூட இரைச்சலில் இருந்தவர்களுக்குக் கேள்விக் குறைவு பொதுவாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளில் தொடங்குகிறது. குரலின் அடிச்சுருதி அதற்கு வெகுகீழே இருப்பதால் அவர்களுக்குச் சுருதி நெடுங்காலம் கெடுவதில்லை. குரல் உரத்துப்போகும், பிறர் பேசும் சகர, தகர ஒலிகள் பிரித்துக் கேட்கா. செவி முற்றிலும் போனவர்களுக்குச் சொற்கள் தெளிவாகவே நீடித்தாலும் சுருதியும் ஒலியளவும் முதலில் கட்டு தளர்கின்றன. பிறவியிலேயே கேளாத குழந்தைக்குச் சுருதியை ஒப்பிட்டுக் கற்கவே வழியில்லை. அதனால்தான் காது கேட்கும் கருவியோ, உட்காதில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் உட்பொருத்தலோ எவ்வளவு முன்கூட்டிக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் சிறுவர்களின் குரல்வளை வளர்ந்து, பேச்சுச் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. காதில் பதிந்த பழைய சுருதிக்கு ஏற்பத் தொண்டை முயலும், புதிய நாண்கள் வேறு இடத்தில் ஒலிக்கும். குரல் உடைவது அதனால்தான். அந்த மாதங்களில் அவர்களைப் பேச்சுப் போட்டியிலிருந்து விலக்கிவிடாதீர்கள், வகுப்பில் யாரும் சிரிக்கவும் விடாதீர்கள். உரக்கப் பேசவைக்காமல், "ம்ம்" பயிற்சியை மட்டும் கொடுத்துப் புதிய சுருதியைக் காதுக்குப் பழக்கினால் போதும். குரல் இறங்க வேண்டிய வயது கடந்தும் பழைய உயரத்திலேயே நிற்கும் இளைஞர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் சில வாரங்களிலேயே வழிகாட்டி உதவ முடியும்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, காது திடீரென்று கேட்காமற்போனாலோ மேற்கண்ட பயிற்சிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீர்க் கேள்விக் குறைவில் அன்றே செல்ல வேண்டும். மற்றவர்கள் இருபத்தெட்டாம் நாள் காலையில், முதல் நாள் அமர்ந்த அதே அறையில், அதே பத்தியை வாசித்து, கைப்பேசியை அதே மூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவுகளிலும் முதற்சொல் எந்தச் சுருதியில் எழுகிறது, கடைசி வினைமுற்றுகள் முழுதாகக் கேட்கின்றனவா என்பவற்றை மட்டும் ஒப்பிட்டு, எது இன்னும் விலகியிருக்கிறதோ அந்த ஒரு பயிற்சியை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.